பதினோராவது சிவப்பு டேக்

1. ஆடிட்டர் விரல் வைத்த இடம்

“இந்தப் பதினொரு ரிஜெக்ட்டும் இப்போது எங்கே இருக்கின்றன?” என்று ஆடிட்டர் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். தெரிந்திருந்ததுதான் பிரச்சினை.

என் பெயர் தனலட்சுமி. ஜொகூர் பாருவில் தெப்ராவ் பக்கம், பிரிண்டருக்கு பிளாஸ்டிக் கவர் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் கியூசி, அதாவது தரச் சோதனை, இன்ஸ்பெக்டராக இருந்தேன். என் வேலை குறை கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளமும் தந்தார்கள் என்பதை என் வீட்டுக்காரர் இன்றுவரை நம்பவில்லை. “இத நீ சும்மாவே செய்வியே” என்பார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் டேக் சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சை ஸ்டிக்கர் என்றால் பாஸ். சிவப்பு டேக் என்றால் ரிஜெக்ட். பச்சைக்கு நம்பர் கிடையாது, சிவப்புக்கு உண்டு. ஒவ்வொரு சிவப்பு டேக்கும் எந்தப் பொருளோடு போனது, கடைசியில் அந்தப் பொருள் என்ன ஆனது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ரிஜெக்ட் ஆன பொருள் நல்ல பொருளோடு கலந்து கஸ்டமருக்குப் போய்விட்டது என்று சந்தேகம் வரும். டேக்கும் பொருளும் பிரியவே கூடாது. டேக்கின் பின்பக்கம் ‘யூஸ் அஸ் இஸ்’ என்று ஒரு கட்டம் உண்டு. குறை இருக்கிறது, ஆனாலும் இப்படியே வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட முடியாது. பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்தான் போட வேண்டும்.

ஆடிட்டர் மிஸ் லிம், சிங்கப்பூர் கஸ்டமர் கம்பெனியிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருபவர். ஆங்கிலத்தில்தான் பேசுவார், குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே எங்களுக்குப் பயம் அதிகம். என் பெயரில் கொடுத்த டேக் கட்டைப் புரட்டி, கிழித்த அடிக்கட்டைகளையும் ரிஜிஸ்டரையும் ஒத்துப் பார்த்தார். பதினொரு நம்பர் ரிஜிஸ்டரில் இல்லை. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பக்கத்தில் எங்கள் கியூசி மேனேஜர் சந்திரன் நின்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். “அக்கா, எங்க வச்சீங்க? சொல்லுங்க லா” என்றார் தமிழில்.

“கேன்டீன்ல சார். கதைப் புத்தகத்துல ஒட்டிட்டேன்.”

சந்திரன் அதை ஆங்கிலத்தில் மிஸ் லிம்மிடம் சொன்னார். சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. மிஸ் லிம் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “நாளை பதினொரு மணிக்கு குளோசிங் மீட்டிங். பதினொரு டேக்கும் அதனதன் பொருளோடு இந்த மேசையில் இருக்க வேண்டும். போட்டோ வேண்டாம். ஒன்று குறைந்தாலும் மேஜர் ஃபைண்டிங், பெரிய தவறு என்று எழுதுவேன்” என்றார்.

அவர் வெளியே போனதும் சந்திரன் கதவைச் சாத்தினார். “மேஜர்னு எழுதிட்டா உங்க ஸ்டாம்ப நான் வாங்கிடணும்கா. எனக்கு வேற வழி இல்ல.”

ஸ்டாம்ப் என்பது கட்டைவிரல் அளவு ரப்பர் முத்திரை. வட்டத்துக்குள் 07. அது இருந்தால் ஒரு லாரி லோடை நிறுத்தலாம். அது இல்லாவிட்டால் வேலை இருக்கும், ஆனால் பேக்கிங் டேபிளில் நின்று பெட்டி ஒட்ட வேண்டியதுதான். ரிட்டையர் ஆக எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. ஊருக்கெல்லாம் விதி சொல்லிக் கொடுத்தவள் நான். வேலியே பயிரை மேய்ந்த கதையாக ஆகிவிட்டது.

2. ஃபராவின் இரண்டு பெட்டி

எச்.ஆரில் ஃபரா என்று ஒரு பெண். கேன்டீனில் வாசிப்பு மூலை வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. கழிவு விலை விற்பனையில் இரண்டு பெட்டி நாவல் வாங்கி வந்தாள். பாதி ஆங்கிலம், பாதி மலாய். அட்டையில் எல்லாம் இடிந்த கோபுரம், புகை, முக்காடு போட்ட ஒரு பெண். பேரம் பேசி மொத்தமாக அள்ளியதில் எல்லாம் ஒரே வகையாக வந்துவிட்டது. நகரத்தில் நடக்கும் மாயக்கதை, இல்லாவிட்டால் நாசமாய்ப் போன எதிர்காலம்.

நான் அதுவரை வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்தவள். என் ஆங்கிலம் ஸ்பெக் ஷீட் படித்து வளர்ந்த ஆங்கிலம். ஆனாலும் எனக்கு ஒரு குறுகுறுப்பு. எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி எதற்காக உலகம் அழிவதைப் பற்றிப் படிக்க வேண்டும்? பேக்கிங்கில் இருந்த மகேஸ்வரிதான் முதலில் எடுத்தாள். என் பக்கத்து டேபிள், ஒன்பது வருடமாக. முப்பத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் அதிகம்.

“ஏன் மகேஸ், நல்ல கதையே கெடைக்கலியா?” என்று கேட்டேன்.

“கெட்டது வந்தா எப்படி இருக்கும்னு முன்னாடியே பாத்துக்கலாம்லக்கா. படிச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் கொற சொல்ல நல்லா வருமே.”

அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

முந்நூறு பக்கம் முழுவதும் படிக்க எனக்கு நேரம் ஏது? அதனால் சாம்ப்ளிங் செய்தேன். ஒரு லாட்டில் எல்லாக் கவரையும் நாங்கள் பார்ப்பதில்லை. பதின்மூன்று எடுப்போம். ஒன்றில் மட்டும் குறை இருந்தால் பாஸ், இரண்டில் இருந்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். புத்தகத்திலும் அங்கங்கே பதின்மூன்று பக்கம். பாஸ் ஆனதை ஆசைக்கு முழுதாகப் படிப்பேன். ஃபெயில் ஆனதை மூடிவிடுவேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் ஆட்கள் எப்போதோ சொன்னதுதானே, இதற்கு ஜப்பான்காரன் வந்தா சொல்லித்தர வேண்டும் என்று மகேஸிடம் பெருமையாகச் சொன்னேன்.

கருத்தைச் சும்மா ஒரு தாளில் எழுதியிருக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. நம்பர் இல்லாத தாளில் எழுதினால் யார் மதிப்பார்கள்? பாஸ் ஆன புத்தகத்துக்குப் பச்சை ஸ்டிக்கர், ஃபெயில் ஆனதற்குக் கடைசி அட்டையின் உள்பக்கம் சிவப்பு டேக். கோளாறு என்ன என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதி, கீழே 07 முத்திரையும் குத்தினேன். திமிர் என்றால் அதுதான். அன்று எனக்கு அது திமிராகத் தெரியவில்லை, ஒழுங்காகத் தெரிந்தது.

3. என் கருத்துகள், என் கோபங்கள்

அந்தக் கருத்துகளை இன்று நினைத்தாலும் பாதிக்குமேல் சரி என்றுதான் சொல்வேன். அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

மாயக்கதையில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஸ்பெக், அதாவது முதலில் சொன்ன விதி, மாறக் கூடாது. ஒரு நாவலில் நகராண்மைக் கழகத்தில் வேலை செய்கிற ஒரு சூனியக்காரி, பேய்களின் வண்டிக்குப் பார்க்கிங் சம்மன் எழுதுகிறாள். நல்ல யோசனை, சிரித்துக்கொண்டே படித்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் பேய் இரும்பைத் தொட முடியாது என்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் அதே பேய் இரும்பு கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு போகிறது. சிவப்பு.

“அதுக்குக் கோவம் வந்திச்சுக்கா” என்று மகேஸ் பேய்க்குப் பரிந்து பேசினாள்.

“கோவம் வந்தா ஸ்பெக் மாறுமா?”

“உங்களுக்குக் கோவம் வந்தா மாறும்க்கா, நாங்க பாத்திருக்கோம்.”

இன்னொன்று மலாய் நாவல். பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸின் நாலாவது மாடியை ஓராங் புனியானுக்கு, அதாவது காட்டில் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்வதாகச் சொல்லப்படும் மக்களுக்கு, வாடகைக்கு விடுகிறார்கள். அவர்கள் காடுதான் வீடமைப்புத் திட்டமாகிவிட்டதே. யாராவது சலாம் சொல்லி அழைத்தால்தான் அவர்களால் எந்த வாசலையும் தாண்ட முடியும். நான் எடுத்த பதின்மூன்று பக்கத்திலும் அந்த விதி பிசகவில்லை. பச்சை ஒட்டிவிட்டு முழுதாகப் படித்தேன். கடைசியில் காம்ப்ளெக்ஸை இடிக்கிறார்கள். அவர்கள் புதிய மால் வாசலில், யாராவது ஒருவர் சலாம் சொல்வார் என்று காத்து நிற்கிறார்கள். நான் இரண்டு நாள் யாரையும் திட்டவில்லை என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

நாசமாய்ப் போன எதிர்காலக் கதைகளில்தான் எனக்கு அதிகச் சண்டை. அந்த அரசாங்கங்கள் எல்லாம் அநியாயத்துக்குத் திறமையானவை. ஒவ்வொரு குடிமகனும் எங்கே இருக்கிறான், என்ன நினைக்கிறான் என்று நொடிக்கு நொடி தெரிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஸ்டோரில் பெட்டி எண்ணினால் ஒரு முறையாவது ஒத்துப் போயிருக்கிறதா? சுவர் கட்டிய நகரம், சரி. அந்தச் சுவருக்குச் சாயம் அடிப்பது யார்? தண்ணீர் பம்ப் ரிப்பேர் ஆனால் எந்தக் கான்ட்ராக்டர் வருவார்? யாரும் அரிசி களைவதில்லை, யாருக்கும் முட்டி வலிப்பதில்லை. நாற்பது வயதுப் பெண்கள் மொத்தமாகக் காணாமல் போயிருப்பார்கள், அதை யாரும் தேடுவதும் இல்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மூன்று வாரத்தில் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிடுவாள். எங்கள் பெண்கள் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள் மாற்ற ஐந்து வாரம் ஆனது.

சிவப்பு, சிவப்பு, சிவப்பு. இப்படிப் பத்து.

பதினோராவது புத்தகம் மெலிசு. அதிலும் சுவர், அதிலும் நகரம். வேலை சுவருக்கு அந்தப் பக்கம். ஜனங்கள் தினமும் வாசலில் வரிசையில் நின்று தாண்டிப் போக வேண்டும். மணிக்கட்டில் ஒரு எண் எரியும். அது குறையக் குறைய முன்னால் போகலாம். நான் எடுத்த பதின்மூன்று பக்கத்தில் பதினொன்றில் அந்தப் பெண் வரிசையில் நிற்கிறாள். மீதி இரண்டில் வரிசைக்குக் கிளம்புகிறாள். சண்டை இல்லை, காதல் இல்லை. “கதை நகரவில்லை. ரிஜெக்ட்” என்று எழுதி முத்திரை குத்தினேன்.

மகேஸ் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். “இத நான் எடுத்துக்கிறேன்கா” என்றாள்.

“அதான் ரிஜெக்ட்டாச்சே?”

“இருக்கட்டும்கா.”

அடுத்த வாரம் சிங்கப்பூரில், தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிற ஒரு வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். புத்தகமும் அவளோடு போய்விட்டது.

4. பத்து கிடைத்தது

ஆடிட்டர் கேள்வி கேட்ட அன்று சாயங்காலம் நானும் ஃபராவும் கேன்டீன் அலமாரியைக் கவிழ்த்துப் போட்டோம். ஏழு கிடைத்தது. மூன்று, ஆட்களின் லாக்கரில் இருந்தது. “அலமாக், கக்,” மலாயில் ஐயோ அக்கா என்று அர்த்தம், “இதெல்லாம் விமர்சனம் என்று நினைத்து நான் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேனே” என்று ஃபரா தலையில் கை வைத்தாள். அவளுக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல?

மகேஸுக்கு மெசேஜ் போட்டேன். பிரேக்கில்தான் பதில் வந்தது. அவளே கூப்பிட்டாள்.

“புத்தகம் பேக்லதான்கா இருக்கு. ஓவர்டைம் முடிச்சு வீட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆவும், நீங்க அலையாதீங்க. காலைல அஞ்சரைக்கு சிஐகியூல குடிநுழைவு வரிசைல நிப்பேன். அங்க வந்துடுங்க.”

“வரிசைல இருந்து கொஞ்சம் வெளிய வந்து குடுத்துட்டுப் போயேன்.”

“வரிசைய விட்டா போச்சுக்கா. எட்டு மணிக்கு ஷிஃப்ட்டு. இந்த மாசம் ரெண்டு தடவ லேட்டாயிட்டேன். இன்னொன்னு ஆனா வார்னிங் லெட்டர்தான்.”

சரி என்றேன். என் மனதில் ஓடியதெல்லாம் பதினொரு மணி மீட்டிங்தான்.

5. வரிசை

இத்தனை வருடம் ஜொகூர் பாருவில் இருந்தும் பாஸ்போர்ட் காட்டிச் சிங்கப்பூருக்குத் தாண்டுகிற அந்த சிஐகியூ கட்டடத்துக்குள் அந்த நேரத்தில் நான் போனதில்லை. சிங்கப்பூருக்கு எப்போதாவது போனாலும் ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு. அன்று காலை படி ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். மண்டபம் முழுக்கத் தலை. ஆனால் சத்தமே இல்லை. அத்தனை பேர் சேர்ந்தால் ஒரு இரைச்சல் இருக்குமே, அது இல்லை. காலைத் தேய்க்கிற சத்தம் மட்டும். நின்றுகொண்டே தூங்குகிறவர்கள், பன் கடிக்கிறவர்கள், முன்னால் நிற்பவரின் பையில் போனைச் சாய்த்து நாடகம் பார்க்கிறவர்கள்.

“மன்னிச்சுக்குங்க, உள்ள என் ஆளு நிக்கிறா” என்று தமிழிலும் மலாயிலும் சொல்லிக்கொண்டே இடித்துப் போனேன். சிலர் முறைத்தார்கள். நீல யூனிஃபார்ம் போட்ட ஒரு மலாய்க்காரர் மட்டும் ஒதுங்கி வழி விட்டார்.

மகேஸ் கௌண்டருக்கு இருபது பேர் தள்ளி நின்றாள். கையில் அதே மெலிசான புத்தகம், திறந்தபடி.

“குடு” என்றேன்.

“அக்கா, நாலு பக்கம்தான் பாக்கி.”

“டேக்க மட்டும் கிழிச்சுக் குடு, நீ படிச்சுக்க.”

“டேக்கும் பொருளும் பிரியக் கூடாதுன்னு சொல்றது யாருக்கா?” என்றாள், கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் ஸ்டாம்ப் போகப்போகிறது, இவளுக்குக் கதை கேட்கிறது. வாயைத் திறப்பதற்குள் வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். அவள் சட்டென்று ஒதுங்கித் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பின்னால் வந்த பெண்ணைப் பார்த்து “நீங்க போங்க” என்றாள். அடுத்தவரையும் போகச் சொன்னாள். பத்து, இருபது பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

படித்து முடித்ததும் கடைசி அட்டையைத் திருப்பி, என் டேக்கை முதல் முறையாகப் படிப்பது போல நிதானமாகப் படித்தாள். “பேனா குடுங்கக்கா.” என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவளே உருவிக்கொண்டாள். டேக்கை மெதுவாகப் பிரித்து, பின்பக்கம் எதையோ எழுதி, மறுபடி ஒட்டி, புத்தகத்தை என் கையில் வைத்தாள்.

“போங்க, உங்களுக்கு மீட்டிங் இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள். கடைசி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

6. மேசை மேல் பதினொன்று

சரியாகப் பதினொரு மணிக்குப் பதினொரு புத்தகமும் மேசையில் இருந்தன. மிஸ் லிம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு டேக்காகப் படித்தார். பேய், இரும்பு கேட், ஸ்பெக் மீறல். சுவருக்குப் பராமரிப்பு அட்டவணை இல்லை. கதாநாயகிக்கு வயது போதாது. எதற்கும் முகம் மாறவில்லை. சந்திரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராவது டேக்கைத் திருப்பியதும் நிறுத்தினார். “இது என்ன மொழி? வாசித்துச் சொல்லுங்கள்.”

அதுவரை நானே அதைப் பார்க்கவில்லை. ‘யூஸ் அஸ் இஸ்’ கட்டத்தில் டிக் போட்டு, கீழே பொடி எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள்:

“அக்கா 13 பக்கம் பாத்தாங்க. 171ஆவது பக்கத்த பாக்கல. எனக்கு இந்தப் புத்தகம் இப்படியே போதும். மகேஸ்வரி, பயன்படுத்துபவர்.”

ஆங்கிலத்தில் சொன்னேன்.

“இன்ஸ்பெக்டர் மொத்தமும் படிக்கவில்லையா?” என்றார் மிஸ் லிம்.

“சாம்ப்ளிங்” என்றேன்.

“நூற்று எழுபத்தொன்றாம் பக்கத்தில் என்ன இருக்கிறது?”

“தெரியாது.”

அவர் எழுத ஆரம்பித்தார். மேஜர் இல்லை, மைனர். நம்பர் உள்ள டேக்கை உற்பத்தி அல்லாத வேலைக்குப் பயன்படுத்தியது. புத்தகங்களை என் பக்கம் தள்ளும்போது, “பதினொன்றில் பின்பக்கம் சரியாக நிரப்பப்பட்டது இது ஒன்றுதான்” என்று மட்டும் சொன்னார்.

சந்திரன் என் ஸ்டாம்பை வாங்கி டிராயரில் வைத்தார். “ரெண்டு வாரம்தான்கா. இனி இப்படி நடக்காம என்ன செய்வீங்கன்னு கரெக்டிவ் ஆக்‌ஷன் எழுதிக் குடுங்க, க்ளோஸ் ஆனதும் திருப்பித் தர்றேன்.” ஸ்டாம்ப் தப்பித்தது என்று எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு ஸ்டாம்ப் ஞாபகமே வரவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான் குடைந்தது.

7. நூற்று எழுபத்தொன்று

நேராக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். கை அந்த இடம்வரை போனது. ஆனால் அதை மட்டும் திறந்தால் அதுவும் சாம்ப்ளிங்தானே. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஸ்டாம்ப் இல்லாததால் வேலையும் கம்மி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன்.

முதல் ஐம்பது பக்கம் எனக்கு எரிச்சல்தான். பிறகு மெல்ல ஒன்று புரிந்தது. அந்த வரிசையில் சமையல் இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது, நாற்பது வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். மற்ற புத்தகங்களில் எதையெல்லாம் தேடி, இல்லை என்று சிவப்பு ஒட்டினேனோ, அது எல்லாம் இதற்குள்தான் இருந்தது. சுவரை இடிக்கிற கதையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடுகிறார்கள். இவர் நிற்கிறவர்களைப் பற்றி எழுதியிருந்தார்.

நூற்று எழுபத்தொன்றாம் பக்கத்துக்கு ஒன்பதாவது நாள் வந்து சேர்ந்தேன். அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஏழு வருடமாக ஒரு இடத்தையும் விட்டுக் கொடுக்காத அந்தப் பெண், பின்னால் நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, “நீங்கள் முன்னால் போங்கள்” என்கிறாள். அவள் மணிக்கட்டில் எண் ஏறிவிடுகிறது. ஏன் விட்டாள் என்று ஆசிரியர் ஒரு வரிகூட விளக்கவில்லை. அடுத்த பக்கத்திலும் வரிசைதான்.

எனக்குத் தூண் ஞாபகம் வந்தது. அவள் “நீங்க போங்க” என்று சொன்னதும், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும்.

அன்றே மகேஸைக் கூப்பிட்டேன். “படிச்சிட்டேன்.”

“பதிமூணு பக்கமாக்கா?”

“மொத்தமும். கடைசி வரைக்கும்.”

சிரித்தாள். பிறகு என் ஸ்டாம்ப் கிடைத்ததா, சந்திரன் சார் திட்டினாரா என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். போனை வைக்கப் போகும்போதுதான் எனக்கு வாயில் வந்தது. “அன்னைக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்தியா?”

“இல்லக்கா. பஸ்ஸ விட்டுட்டேன். லெட்டர் குடுத்தாங்க.”

“ஏன்டி சொல்லல?”

“நீங்க கேக்கலியே” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “உங்களுக்கு டேக் வேணும்னு வந்தீங்க. அத முழுசாக் குடுக்கணும்னு நெனச்சேன். பயன்படுத்துறவங்க கையெழுத்து இல்லன்னா செல்லாதுன்னு நீங்கதானக்கா சொல்லிக் குடுத்தீங்க.”

கரெக்டிவ் ஆக்‌ஷன் ஃபாரத்தில் ‘மூல காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். கவனக்குறைவு என்று எழுதக் கூடாது என்று நானே இருபது பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை வெறுமனே வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பானை சோறு ஒரே நெருப்பில், ஒரே தண்ணீரில் வெந்தது. அதற்கு ஒரு சோறு போதும். ஒரே அச்சில் வார்த்த கவருக்குப் பதின்மூன்று போதும். கம்பெனி ஃபைலுக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தேன், க்ளோஸ் ஆனது, ஸ்டாம்ப் திரும்பி வந்தது. உண்மையான காரணத்தை அங்கே எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன். ஒன்பது வருடம் என் பக்கத்து டேபிளில் இருந்தவளை நான் பதின்மூன்று பக்கம்தான் படித்திருந்தேன்.

புத்தகத்தை ஃபராவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். கணக்கு முடிந்த டேக்கைப் பிரித்து ரிஜிஸ்டரில் சேர்த்துவிட்டு, வெறும் அட்டையோடு அதை எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மகேஸ் வீட்டுக்குப் போனேன். பேசி முடித்துக் கிளம்பச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவள்தான் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.